மனை இருக்கிறது, தண்ணீர் எப்போது வரும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேஅவுட் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மனை வாங்கியவர்களும், நிலத்தைப் பிரித்து விற்க நினைப்பவர்களும், ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குபவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். சென்னைப் புறநகர்தான் எனக்கு அதிகம் பழக்கம்.

அப்ரூவ்டு மனை என்றால் வீடு கட்டத் தயாரான மனைதானே?

இல்லை. அப்ரூவ்டு என்றால் காகிதம் சரி என்று பொருள். சாலையின் அகலம் விதிப்படி இருக்கிறது, பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், நீர்நிலை எதுவும் உள்ளே இல்லை என்று அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். குழாயில் தண்ணீர் வரும் என்று அந்தக் கையெழுத்து எங்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிப்போய், பிரியாணி போட்டு, மனை காட்டுவார்கள். வாசலில் தோரண வளைவு. உள்ளே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், 23 அடி ரோடு, 30 அடி ரோடு. அந்த 30 அடி ரோட்டின் கடைசிக்கு நடந்து பாருங்கள். பல இடங்களில் அது சீமைக்கருவேலம் புதரில் முட்டி நிற்கும், இல்லையென்றால் பக்கத்து லேஅவுட்டின் காம்பவுண்டுச் சுவரில். மழைநீர் வடிகாலும் அங்கேயே முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் அதற்கு மேல் எங்கே போகும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

லேஅவுட்டுக்குள் தெரு போடுவது மனை போடுபவர் வேலை. லேஅவுட் வரைக்கும் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, பெரிய வடிகால் கொண்டுவருவது அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டிய வேலை. முதல் வேலை சில மாதத்தில் முடியும். இரண்டாவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய அடுக்குமாடிகளுக்கு எத்தனை ஆண்டுகளாக லாரித் தண்ணீர் ஓடுகிறது என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள்.

லேஅவுட் அனுமதிக்கு ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

லஞ்சம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேர்மையான அதிகாரியிடம் போனாலும் நாளாகத்தான் செய்யும், ஏனென்றால் நம் நில ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

ஒருமுறை நாலு ஏக்கர் நிலத்துக்கு வரைபடம் போட்டேன். புலப்படத்தில் (நில அளவைத் துறையின் எல்லைப் படம்) நிலத்தின் குறுக்கே மெல்லிய இரட்டைக் கோடு: வாய்க்கால். நேரில் போனால் வாய்க்கால் இல்லை, வேர்க்கடலைச் செடி நிற்கிறது. உரிமையாளர், “எங்க தாத்தா காலத்திலேயே அது தூர்ந்துபோச்சுங்க” என்றார். தூர்ந்தாலும் அது அரசு நிலம். வட்டாட்சியர் அறிக்கை, நில அளவர் வந்து அளப்பது, நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் அந்த இரட்டைக் கோட்டில் மாட்டிக்கொண்டன. கடைசியில் வாய்க்காலுக்கு இடம் விட்டு, மேலே சிறுபாலம் காட்டி, மனைகளைத் திருப்பி அடுக்கினேன். பதினோரு மாதம் போயிற்று. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த வழியில் மழைக்காலத்தில் போகும்போது, அந்த வாய்க்காலில்தான் தண்ணீர் போகிறது.

தாமதம் எல்லாமே வீண் தாமதம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். எது வீண் என்றால், ஒரே பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் நாலு அலுவலகத்தில் நாலு முறை கொடுப்பது. நன்செய் நிலமாக இருந்து, முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியிலும் இருந்தால், வேளாண் பயன்பாட்டிலிருந்து மாற்ற வேளாண்மைத் துறை, ஆட்சியர் என்று இன்னொரு சுற்று.

ஒற்றைச் சாளரம், சுயசான்று எல்லாம் வந்த பிறகு வேகம் கூடியிருக்கிறதா?

காகிதத்தில் கூடியிருக்கிறது. சி.எம்.டி.ஏ.வுக்கும் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் இப்போது இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கோப்பு யார் மேசையில் கிடக்கிறது என்று தெரிகிறது. இது சின்ன விஷயம் இல்லை. முன்பெல்லாம் அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்கு, கட்டுபவரே விதிப்படி கட்டுவதாக உறுதி கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இது வேகப்படுத்துவது வீட்டை. அந்த வீடு நிற்கும் மனைக்குச் சாக்கடை இணைப்பு கிடைப்பதை இது ஒரு நாள்கூட முன்னால் தள்ளாது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. மனை விளம்பரக்காரர்களுக்குத் தீபாவளி. எல்லையை விரிக்க ஒரு ஆணை போதும். அத்தனை பரப்புக்கும் எங்கே சாலை, எங்கே வடிகால் என்று கோடு போடுவது வேறு வேலை. தற்போதைய இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஆம் ஆண்டை இலக்காக வைத்துப் போட்டது, அடுத்ததற்கு 2046.

ஓ.எஸ்.ஆர். என்கிறார்களே, அது யாருக்குச் சொந்தம்?

ஊருக்கு. ஓ.எஸ்.ஆர். என்பது லேஅவுட்டில் பொதுவுக்கு ஒதுக்கும் திறந்தவெளி. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்ட வழி உண்டு. அதற்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். தெருக்களையும் இந்த இடத்தையும் உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே இறுதி அனுமதி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாகவும் இருக்க வேண்டும். இரண்டு சிறு மனையைச் சேர்த்து ஒன்றாக்கக் கூடாது என்பது விதி. சேர்த்துக் கட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கீகாரம் இல்லாத மனையை வரன்முறைப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பத்திரம் சரியாகும். கடன் கிடைக்கும். வீடு கட்ட அனுமதி கிடைக்கும். தெரு அகலமாகாது.

பின்கதை இது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒரு மனையாவது விற்றுப் பதிவான லேஅவுட்டாக இருந்தால் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்பது சாரம். நீர்நிலைப் புறம்போக்குக்கும் அரசு நிலத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. காலக்கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள்.

வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இல்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் பணத்தைப் போட்டுவிட்டன. ஆனால் வீடும் சுவரும் எழும்பிய 16 அடித் தெருவில் பிறகு பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். காலி நிலத்தில் ஒரு நாளில் பதிக்கும் குழாய்க்கு அங்கே இரண்டு வாரம் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டுப் படிக்கட்டுக்கும் ஒரு சண்டை.

இந்த வம்பே இல்லாமல், அரசே நிலம் எடுத்து மனை போட்டு விற்கலாமே?

விற்றதுதான். 1961-இல் வந்த வீட்டு வசதி வாரியம் அப்படித்தான் அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர் எல்லாம் போட்டது. சென்னையில் தெரு அகலமாக, மரம் நிழல் தருகிற இடமாகப் பார்த்தால் பாதிக்குப் பாதி வாரியம் போட்டதாக இருக்கும்.

அந்த வழி அடைபட்டதற்கு விலையும் ஒரு காரணம், அவநம்பிக்கையும் ஒரு காரணம். 1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கை போட்டுவிட்டு, பணமும் கொடுக்காமல் நிலத்தையும் எடுக்காமல் இருபது, முப்பது ஆண்டுகள் இழுத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. உழவும் முடியாது, விற்கவும் முடியாது, மகளுக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வில்லங்கச் சான்றை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோ டேப் ஒட்டி வைத்திருந்தார்.

2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய நில எடுப்புச் சட்டம் இழப்பீட்டைச் சந்தை மதிப்பைப் போல நகரத்தில் இரண்டு மடங்கும், கிராமத்தில் நான்கு மடங்கு வரையும் ஆக்கியது. நிலம் கொடுப்பவருக்கு நியாயம். ஆனால் அந்த விலைக்கு வாங்கி மலிவு மனை போட எந்த வாரியத்தாலும் முடியாது.

முதலில் குழாய், பிறகு வீடு என்று எங்காவது செய்திருக்கிறார்களா?

சென்னையிலேயே செய்திருக்கிறார்கள். அதை மறந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

1970-களின் கடைசியில் உலக வங்கிக் கடனில் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் ‘மனையும் வசதியும்’ என்று ஒரு பகுதி. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், அடுத்த கட்டத்தில் முகப்பேர். அரசு வீடு கட்டித் தராது. தெரு, தண்ணீர், சாக்கடை, விளக்கு போட்டு மனையைக் கொடுக்கும். ஏழைகளுக்கான சிறு மனைகளில் கழிவறையோடு கூடிய தொடக்கக் கட்டுமானமும் உண்டு. மீதியை வாங்கியவர் கையில் பணம் வரவர அவரே கட்டிக்கொள்வார். கூலிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் பெரிய மனைக்காரருக்கும் ஒரே இடத்தில் இடம் ஒதுக்கினார்கள். பெரிய மனையையும் கடை மனையையும் நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள்.

அரும்பாக்கத்தில் ‘எம்.எம்.டி.ஏ. காலனி’ என்று சொல்லி இன்றும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறோமே, அது அப்படி வந்ததுதான். எம்.எம்.டி.ஏ. என்பது சி.எம்.டி.ஏ.வின் பழைய பெயர். இப்போது போய்ப் பாருங்கள். ஒரு மாடி, இரண்டு மாடி, கீழே தையல் கடை, மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன். ஓட்டு வீட்டை ஒட்டி மூன்று மாடிக் கட்டடம். நாற்பது ஆண்டுகளில் வீடுகள் தலைகீழாக மாறிவிட்டன. தெரு மட்டும் வரைபடத்தில் போட்ட இடத்தில் போட்ட அகலத்துக்கு இருக்கிறது.

நல்ல திட்டம் என்றால் ஏன் நிறுத்தினார்கள்?

அந்தக் காலத்தில் தோல்வி என்று நினைத்தார்கள். மனை ஒதுக்கிப் பல ஆண்டுகளாகியும் பாதி காலியாகக் கிடந்தது. அன்றைக்கு அவையெல்லாம் ஊருக்கு வெளியே. ஒதுக்கீடு பெற்றவர்கள் சிலர் கைமாற்றி விற்றுவிட்டார்கள். 1990-களில் உலக வங்கியே இந்த மாதிரித் திட்டங்களைக் கைவிட்டு வேறு பக்கம் போனது. பிறகு சுமார் இருபது ஆண்டுகள் கழித்து வங்கியின் ஆய்வாளர்களே மும்பையிலும் சென்னையிலும் இந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். மனைகள் நிரம்பியிருந்தன, பல வருமானக்காரர்களும் கலந்து வாழ்ந்தார்கள். அவசரப்பட்டுத் தோல்வி என்று எழுதிவிட்டோம் என்ற தொனியில் அறிக்கை வந்தது.

என் கணக்கில், ஒரு மனைப்பிரிவை ஐந்து வருடத்தில் மதிப்பிடுவது தென்னங்கன்றை ஆறாம் மாதம் காய்க்கவில்லை என்று வெட்டுவது போல.

நிலத் தொகுப்பு என்கிறார்களே, அது என்ன? என் நிலம் போய்விடுமா?

முழுதும் போகாது. ஒரு பகுதி போகும்.

ஒரு பகுதியில் உள்ள எல்லா நிலத்தையும் வரைபடத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் வேண்டியதை எல்லோரிடமிருந்தும் ஒரே விகிதத்தில் கழிப்பார்கள். மீதியைச் சதுரமாக, சாலை முகப்போடு, அவரவருக்குத் திருப்பித் தருவார்கள். கோணல்மாணலாக, வழியே இல்லாமல் உள்ளே கிடந்த நிலத்துக்கும் முகப்பு கிடைக்கும்.

ஒரு பேச்சுக்கு, உங்களுக்கு 100 சென்ட் இருக்கிறது, சென்ட் இரண்டு லட்சம் என்று வையுங்கள். இரண்டு கோடி. 40 சென்ட் கழித்து 60 திரும்பி வருகிறது. சாலையும் குழாயும் வந்ததால் சென்ட் நாலு லட்சத்துக்குப் போனால், உங்கள் கையில் இரண்டு கோடியே நாற்பது லட்சம். விலை மூன்று லட்சத்திலேயே நின்றுவிட்டால் ஒரு கோடியே எண்பது லட்சம்தான், நஷ்டம். ஆகவே எல்லாம் அந்தச் சாலையும் குழாயும் உண்மையில் வருமா என்பதைப் பொறுத்தது.

குஜராத் இதில் பழம் தின்று கொட்டை போட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம், 1999-இல் ஒரு திருத்தம். அந்தத் திருத்தத்தின் சாமர்த்தியத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன்: வரைவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததுமே சாலைக்கான நிலத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு இழப்பீடு, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வழக்கு வாய்தாவெல்லாம் பின்னால் ஆறஅமர நடக்கும், ரோடு அதற்குக் காத்திருக்காது. அகமதாபாத்தைச் சுற்றிய 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்குப் பெருமளவு நிலம் இப்படித்தான் வந்தது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு புஜ் நகரின் குறுகலான தெருக்களை அகலப்படுத்தியதும் இதே முறையில்.

ஆந்திரத் தலைநகர் அமராவதியில் அதே நிலத் தொகுப்புதானே? அங்கே பாதியில் நின்றதே?

ஆமாம். 2015-இல் 33,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகள் கொடுத்தார்கள். மானாவாரி நிலம் ஒரு ஏக்கருக்கு 1,000 சதுர கெஜம் வீட்டு மனை, 250 சதுர கெஜம் வணிக மனை, பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுத் தொகை என்பது பேச்சு. 2019-இல் ஆட்சி மாறியதும் மூன்று தலைநகரம் என்றார்கள், வேலை நின்றது. 2022-இல் உயர் நீதிமன்றம் மனைகளை மேம்படுத்திக் கொடுக்கச் சொன்னது. 2024-இல் மறுபடி ஆட்சி மாறி, வேலை தொடங்கியது. நடுவில் அந்த விவசாயிகளிடம் உழுவதற்கு நிலமும் இல்லை, விற்பதற்குச் சாலை போட்ட மனையும் இல்லை. அகமதாபாத்தில் ஒவ்வொரு திட்டமும் சில நூறு ஏக்கர் அளவில் சின்னச் சின்னதாகப் போகும். ஒன்று சறுக்கினாலும் மற்றது நிற்கும்.

தமிழ்நாட்டில் இது வருமா?

சட்டத்தில் வந்துவிட்டது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் நிலத் தொகுப்புக்கு வழி செய்து திருத்தம் போட்டிருக்கிறார்கள். அதில் எங்களுக்கு ஒரு சின்ன வேடிக்கை: 1920-ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே இந்த மாதிரித் திட்டத்துக்கு இடம் இருந்தது. நூறு வருடம் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறோம்.

திருமழிசை, மீஞ்சூர், திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மாமல்லபுரம் ஆகிய இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் என்று சி.எம்.டி.ஏ. அறிவித்திருக்கிறது. அங்கே நிலம் வைத்திருப்பவர் யாராவது என்னிடம் வந்தால், சாலைக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் விற்கலாம், கொஞ்சம் பொறுங்கள் என்பேன். தனித்தனியாக லேஅவுட் போட்டு விற்றுத் தீர்ந்த இடத்தில் தொகுப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. அரசு ஓட வேண்டிய பந்தயம் இதுதான்: மஞ்சள் கல் நடுவதற்கு முன்னால் சாலைக் கோடு விழுந்துவிட வேண்டும்.

மத்திய அரசின் பங்கு?

பணம்தான். அம்ருத் திட்டத்தில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் நிதி வருகிறது. நிலத் தொகுப்பு போன்ற நகரமைப்புச் சீர்திருத்தங்களைச் செய்யும் மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடனில் ஒரு பங்கு ஒதுக்குகிறார்கள். நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அதற்கு மேல் கை நீளாது.

வேகம் வேகம் என்கிறீர்கள், ஏரியெல்லாம் போய்விடாதா?

போயிருக்கிறது, அரசு கையாலேயே. 1920-களில் மாம்பலம் நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகர் வந்தது. மீதி ஏரியும் பிறகு போனது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் மனைகளில் படகு விட்டார்கள். நீர்வளத்துறைச் சான்றைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லுங்கள், சான்றே வேண்டாம் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

நான் அடுத்த வாரம் மனை பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை போட்டால் பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா, பூங்கா என்று காட்டிய இடத்தில் கல் நட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருவும் பூங்காவும் தானப் பத்திரமாகிவிட்டதா என்று வில்லங்கச் சான்றில் தெரியும்.

முடிந்தால் அடுத்த வாரம் போகாமல் ஐப்பசி, கார்த்திகையில், ரெண்டு நாள் மழை அடித்த பிறகு போங்கள். கம்பெனி வேனில் போகாதீர்கள், பைக்கில் போங்கள். ஏற்கெனவே குடிவந்த நாலைந்து வீடு இருக்கும். அங்கே ஒரு அம்மாவிடம் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். “போர் தண்ணி, உப்பு. குடிக்க கேன்” என்பார். கழிவுநீர்த் தொட்டி எடுக்க லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ஒரு நடைக்கு எவ்வளவு வாங்குகிறான் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைப் பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டு மனை விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.